காற்றுச் சுழலிப் பழுதாய்வு

காற்றுச் சுழலிப் பழுதாய்வு என்பது மின்னுற்பத்திக்குப் பயன்படும் காற்றுச் சுழலிகளின் இறக்கைகள், கோபுரம், இயந்திரப் பகுதிகள் ஆகியவற்றில் ஏற்படும் சேதங்களைக் கண்டறியும் பணி ஆகும். காற்று குறைந்த மாதங்களில் கண்டறியப்படும் சிறு வெடிப்பைச் சீர்செய்வது எளிது. கண்டறியப்படாத வெடிப்பு, காற்றுக் காலத்தில் இறக்கை முறிவதற்குக் காரணமாகலாம்.

நாஞ்சில் நாட்டில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கோட்டாற்றுக்கு வடகிழக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் ஆரல்வாய்மொழிக் கணவாய் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இவ்விடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து வீசுவதால், கணவாயை அடுத்த முப்பந்தல் பகுதியில் பெருந்தொகையான சுழலிகள் நிறுவப்பட்டுள்ளன. கோட்டாற்றில் அமைந்துள்ள நாகர்கோவில் சந்திப்பிலிருந்து திருநெல்வேலி செல்லும் தொடருந்துப் பாதையும் நெடுஞ்சாலையும் இச்சுழலிகளின் ஊடே செல்கின்றன. ஆகவே பழுதாய்வு மின்னுற்பத்தியை மட்டுமன்றி, கீழே நடமாடுவோரின் பாதுகாப்பையும் சார்ந்தது.

ஆய்வுக் காலம்

இங்கு மே முதல் செப்டம்பர் வரை காற்று மிகுதி. இறக்கைகள் அதிக அழுத்தத்துக்கு உள்ளாவதும், சுழலியை நிறுத்தினால் இழப்பு மிகுவதும், கோபுரத்தில் ஏறுவது கடினமாவதும் இதே காலத்தில்தான். எனவே விரிவான ஆய்வு காற்றுக் காலத்துக்கு முன் முடிக்கப்படுவது நல்லது. இடிமின்னல், புயல் ஆகியவற்றுக்குப் பின் தனி ஆய்வு தேவை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியது.

சேதங்கள்

இறக்கைகள் பெரும்பாலும் கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு செய்யப்படுகின்றன. பெரிய சுழலிகளில் இறக்கையின் நுனி மணிக்கு 250 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் செல்லக்கூடும். அவ்வேகத்தில் மழைத்துளியும் மணலும் மோதுவதால் முன்விளிம்பு அரிக்கப்படுகிறது. பின்விளிம்பில் ஒட்டு விடுதல், இழை அடுக்குகள் பிரிதல், மின்னல் தாக்கிய இடத்தில் கருகுதல் ஆகியன பிற சேதங்கள். கடற்காற்றின் உப்பு இரும்புப் பகுதிகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது.

ஆய்வு முறைகள்

* பார்வை ஆய்வு: தரையிலிருந்து தொலைநோக்கி அல்லது தொலைவில்லை கொண்ட ஒளிப்படக்கருவி மூலமும், அண்மைக் காலத்தில் ஆளில்லா வானூர்தி மூலமும் செய்யப்படுகிறது.
* தட்டிப் பார்த்தல்: கயிற்றில் தொங்கும் பணியாளர் இறக்கையைச் சிறு சுத்தியால் தட்டுவார். ஒலி மந்தமாக மாறும் இடத்தில் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம்.
* மீயொலி, வெப்பப்பட ஆய்வு: கண்ணுக்குப் புலப்படாத உட்குறைகளை அறிய உதவுகின்றன.
* அதிர்வு, எண்ணெய் ஆய்வு: பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயில் உலோகத் துகள் மிகுவது தேய்மானத்தின் அறிகுறி.
* மின்னல் காப்புச் சோதனை: இறக்கை நுனியிலிருந்து நிலம் வரை மின்கடத்தி அறுபடாமல் உள்ளதா என அளக்கப்படும்.

முப்பந்தலின் பழைய சுழலிகள் பலவும் இரும்புச் சட்டகக் கோபுரங்களைக் கொண்டவை. அவற்றில் இணைப்புத் திருகாணிகளின் இறுக்கமும் துருவும் தனிக் கவனம் பெற வேண்டியவை.

பணியாளர் பாதுகாப்பு

ஏறுவதற்கு முன் சுழலி நிறுத்தப்பட்டு, தொலைவிலிருந்து இயக்கும் வசதி துண்டிக்கப்பட வேண்டும். இறக்கைகளை அணுகும் முன் சுழலகம் பூட்டப்பட வேண்டும். தடையை மட்டும் நம்பிப் பணிபுரிதல் ஆபத்தானது. உற்பத்தியாளர் குறித்த வேகத்தைக் காற்று தாண்டினாலோ, இடி கேட்டாலோ பணியை நிறுத்தி இறங்குவதே முறை.

முன்நிகழ்வு

2008 இல் இந்தியாவின் சுஸ்லான் நிறுவனம், ஐக்கிய அமெரிக்காவில் தனது சுழலிகள் சிலவற்றின் இறக்கைகளில் வெடிப்புகள் காணப்பட்டதை அடுத்து, 1,251 இறக்கைகளை வலுப்படுத்தும் திட்டத்தை அறிவித்தது. ஓரிடத்தில் காணப்படும் வெடிப்பு அதே வகைச் சுழலிகள் அனைத்தையும் ஆராயும் தேவையை உண்டாக்கக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இவற்றையும் பார்க்க

* காற்றுத் திறன்
* முப்பந்தல்
* ஆரல்வாய்மொழி