மறு அச்சில் விடுபடுகிற பக்கம்

போன மார்கழியில் தா.பழூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில், ராத்திரிப் பாடம் நடக்கிற கொட்டகைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ பத்திரிகைப் பக்கங்கள் பன்னிரண்டைக் கொண்டுபோனேன். சென்னை நண்பர் ஒருவர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த பட நகல். ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தது. இதிலிருந்து சிலதைத் தேர்ந்து முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு சிறுநூல் போட வேண்டும், ஏப்ரல் 14க்குள் அது வீடு வீடாகப் போக வேண்டும் என்பது திட்டம். கல்லூரிக்குப் போகிற பையன்களும் பெண்களுமாகப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். ஒருத்தராலும் முதல் பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்க முடியவில்லை.

நடை கடினம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எழுத்து. லை, னை, ணை, ளை நாலும் யானைத் தும்பிக்கை மாதிரி தலைக்குமேல் சுருண்ட கொம்போடு இருக்கும். ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடேயே சுழிந்து கிடக்கும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்ட பிறகு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதெல்லாம் வேற்றுப் பாஷை. பெரியார் 1935லேயே ‘குடிஅரசு’ பத்திரிகையில் தொடங்கிய மாற்றம் அது, நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கு முந்தி அச்சான நம் தாத்தன்மார்களின் பேச்சுக்கும் நம்ம பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு வேலியும் அன்றைக்கே விழுந்துவிட்டது.

கொட்டகை ஓரமாய் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி, எழுபது வயசிருக்கும், “கொண்டாடா அத” என்று தாளைப் பிடுங்கினாள். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அதுவும் சர்க்கார் நம்ம பிள்ளைகளுக்கென்று வைத்த நலப் பள்ளிக்கூடத்தில். விளக்குக்குக் கிட்ட போய்க் கடகடவென்று வாசித்தாள். எம்.ஏ. தமிழ் படித்த நானே திக்கின இடத்தில் அவள் திக்கவில்லை. “இது ‘னை’டா, மேல தும்பிக்கை இருக்குல்ல, கண்ணு தெரியலையா?” என்று பையனின் தலையில் ஒரு தட்டு. அர்த்தம் கேட்டால், “அது ஒங்க அண்ணன் சொல்லும், நான் எழுத்த மட்டுந்தான் படிச்சேன்” என்றாள்.

பழைய புத்தகங்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிற வேலை இன்று பெரிய அளவில் நடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இவற்றையெல்லாம் குறைசொல்ல எனக்கு மனசில்லை. இவை இல்லாவிட்டால் என்னைப் போன்றவன் எந்தக் கதவைத் தட்டியிருப்பேன்? ஆனால் எது படமாகிறது என்பது எது காப்பாற்றப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்தது. எது காப்பாற்றப்பட்டது என்பது யாருக்கு மச்சுவீடும் பீரோவும் இருந்தது என்பதைப் பொறுத்தது. கூரை ஒழுகுகிற வீட்டில் காகிதம் எத்தனை மழைக்காலம் தாங்கும்?

உ.வே.சாமிநாதையர் சிறுவயதில் எங்கள் அரியலூரிலும் குன்னத்திலும் இருந்து படித்தவர். ஏட்டுச்சுவடி தேடி அவர் வீடு வீடாக, மடம் மடமாக அலைந்ததையும், 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றியதையும் எம்.ஏ. வகுப்பில் உருகி உருகிச் சொன்னார்கள். சொல்ல வேண்டியதுதான், பெரிய உழைப்பு. அதே வகுப்பில் கந்தப்பன் என்கிற பெயரை யாரும் சொல்லவில்லை. ஹாரிங்டன் என்கிற வெள்ளைக்காரரிடம் சமையல் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன், வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டை அவரிடம் கொடுத்தார், அது எல்லிஸ் துரை கைக்குப் போய் அச்சுக்கு வந்தது என்று அயோத்திதாசர் தம் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். சேரியிலும் ஏடு இருந்தது என்பதற்கு அவர் வைக்கிற சாட்சி அது. அந்தச் சாட்சியை ஏற்பதா மறுப்பதா என்று விவாதிப்பதற்காவது அந்தப் பக்கம் நம் கையில் இருக்க வேண்டும். எண்பது வருசத்துக்கு மேல் அது நம் கையில் இல்லை.

‘ஒரு பைசாத் தமிழன்’ 1907 ஜூன் 19, ஒரு புதன்கிழமை, சென்னை ராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. நாலு பக்கம், விலை பெயரிலேயே இருக்கிறது. ஒரு வருசம் கழித்து ‘தமிழன்’ ஆயிற்று. 1914 மே 5இல் பண்டிதர் சாகும்வரை வாராவாரம் நடத்தினார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்குகிற தொழிலாளிகளும், ரங்கூனுக்கும் நேட்டாலுக்கும் பிழைக்கப் போனவர்களும் இருந்த இடங்களில் அவருடைய பௌத்த சங்கத்துக்குக் கிளைகள் இருந்தன. அவர் எழுத்துகளைப் பின்னாளில் சிறு சிறு புத்தகங்களாக மறு அச்சு போட்டது கோலார்க்காரர்கள்தான், அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. பல்கலைக்கழகமோ ஆதீனமோ அதைச் செய்யவில்லை. பாறையை உடைத்துச் சம்பாதித்த கூலியில் போட்ட அச்சு அது. பத்திரிகையின் பழைய பிரதிகளை அன்பு பொன்னோவியம் போன்ற பெரியவர்கள் சொந்த வீட்டில் வைத்துக் கட்டிக்காத்தார்கள். அப்படிக் காத்ததைக் கொண்டுதான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து இரண்டு தொகுதியாக வந்தது. மூன்றாவது 2003இல் வந்தது. தமிழ்நாட்டு அறிவுலகம் திடுக்கிட்டு விழித்தது அதற்குப் பிறகுதான். அதுவரை எங்கே தூங்கியது என்று கேட்டால் பதில் வராது.

அந்தத் தொகுதிகளுக்கு நான் கடன்பட்டவன். ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் என்று பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கியதில் பண்டிதர் என்கிற சிந்தனையாளர் துலக்கமாகத் தெரிகிறார், பத்திரிகை மறைந்துபோகிறது. ஒரே வாரத்தில் ஒரே தாளில் எது பக்கத்தில் எது வந்தது, யார் கடிதம் போட்டார்கள், எந்த ஊரில் கூட்டம் நடந்தது என்பதெல்லாம் பட நகலில்தான் கிடைக்கிறது. ஆக இரண்டும் வேண்டும். படம் தாளைக் காட்டும், மறு அச்சு ஆளிடம் கொண்டுசேர்க்கும்.

‘தமிழன்’ கதை அதிர்ஷ்டக் கதை. 1893 அக்டோபரில் ரெட்டமலை சீனிவாசன் தொடங்கிய ‘பறையன்’ பத்திரிகைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முதல் இதழ் இரண்டே நாளில் நானூறு பிரதி விற்றதென்று 1939இல் அச்சான ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்கிற சிறு நூலில் அவரே சொல்கிறார். முழுத் தொகுதி நம் கைக்கு எட்டவில்லை. சுதேசிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று வேவு பார்க்க வெள்ளை அரசு தயாரித்த வாராந்தர அறிக்கைகளில், ஆங்கிலச் சுருக்கமாகச் சில துண்டுகள் கிடைக்கின்றன. அதாவது நம் ஆட்களின் பேச்சை வேவுக்காரன் எழுதிவைத்த குறிப்பிலிருந்து திரும்பத் தமிழாக்கிப் படிக்கிற கதி. அதையும் விடாமல் படிக்கத்தான் வேண்டும்.

‘பறையன்’ என்ற பெயரைச் சொன்னதும் கொட்டகையில் ஒரு சலசலப்பு. பி.எஸ்சி. படிக்கிற பெண் ஒருத்தி, “அண்ணே, புத்தகத்துல அந்த வார்த்தைய அப்படியே போடாதீங்க. பஸ்ஸுல வச்சிப் படிக்க முடியாது” என்றாள். அவள் பயம் நிஜமானது, நான் சிரிக்கவில்லை. ஆனால் சீனிவாசன் அந்தப் பெயரைத் தெரிந்துதான் வைத்தார். எதைச் சொல்லி இழிவு செய்கிறார்களோ அதையே சொல்லிக்கொண்டு நிமிர வேண்டும் என்பது அவர் கட்சி. அயோத்திதாசருக்கு அது ஆகாது. அது எதிரி சூட்டிய பெயர், நாம் பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் உறவுக்காரர்கள் வேறு. இந்தச் சண்டை நம்முடைய அரசியல் வரலாற்றின் முதுகெலும்பு. 1922இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் அரசு ஆவணங்களில் ‘ஆதி திராவிடர்’ என்ற பெயர் ஏறியது வரைக்கும் அதன் நீட்சி இருக்கிறது. மரியாதை கருதி மறு அச்சில் அந்தச் சொல்லை மாற்றிவிட்டால் இரண்டு பேரும் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதே யாருக்கும் விளங்காது. அப்படியே போட்டு, கீழே குறிப்பு எழுதலாம் என்றேன். அரை மனசாக ஒப்புக்கொண்டாள்.

அடுத்து வந்ததற்கு என்னிடம் தயாரான பதில் இல்லை.

பன்னிரண்டு பக்கத்தில் ஒன்றில் அயோத்திதாசர் ‘தாழ்ந்தவர்’ என்றும் ‘தாழ்த்தப்பட்டவர்’ என்றும் இரண்டாகப் பிரிக்கிறார். தாழ்த்தப்பட்டவர் பூர்வ பௌத்தர்கள், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவர்கள். தாழ்ந்தவர் என்று அவர் ஒதுக்குகிற வரிசையில் குறவர் வருகிறார்கள், சக்கிலியர் வருகிறார்கள், மலமெடுக்கிற தோட்டிகள் வருகிறார்கள். கொட்டகையில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் ஒருவன் அருந்ததியர் வீட்டுப் பையன். அந்தப் பத்தியை ஆயாதான் வாசித்தாள், எழுத்து எழுத்தாக, சத்தமாக. வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. அவன் தாளை வாங்கி மறுபடி ஒருமுறை கண்ணால் ஓட்டிவிட்டு, “இத விட்டுட்டுப் போடுவீங்களா, சேத்துப் போடுவீங்களா?” என்று கேட்டான்.

விட்டுவிடலாம் என்றுதான் வீட்டில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். முப்பத்திரண்டு பக்கம்தானே, எதையாவது விடத்தானே வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். கந்தப்பனை நம் பாடப்புத்தகத்தில் விட்டவர்களும் இடமில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒரு பார்ப்பனப் பதிப்பாசிரியர் விட்டால் சதி, நான் விட்டால் தொகுப்பு நெறியா? அவன் கேள்வி அங்கேதான் என்னைக் குத்தியது.

இந்த விசயம் இலக்கிய வட்டத்துச் சண்டை மட்டுமில்லை, அச்சான காகிதத்துக்குச் சோற்றோடும் நிலத்தோடும் தொடர்பு உண்டு. கொள்ளிடக் கரையில், பொன்னாற்றுப் பாசனத்தில், நாற்று நடுகிறவர்கள் நாம். பட்டா யார் பேரில் என்பது வேறு கதை. அடிமைகளைப் பற்றி 1819இல் சென்னை வருவாய் வாரியம் கலெக்டர்களைக் கேட்டு வாங்கிய அறிக்கைகளில் நம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவும் உண்டு. 1828இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அச்சிட்ட இந்திய அடிமைமுறைத் தாள்களை இன்று வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம். பண்ணையாட்களை நிலத்தோடும் நிலமில்லாமலும் விற்ற காலத்தின் எழுத்து அது. 1843ஆம் வருசத்து ஐந்தாம் சட்டம் வரைக்கும் கோர்ட்டு அந்த உரிமையை ஒப்புக்கொண்டிருந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பும், அதையொட்டி 1892 செப்டம்பர் 30இல் வந்த 1010ஆம் எண் அரசாணையும் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் தூங்கியிருந்தால் பஞ்சமி நிலம் என்கிற சொல்லே நமக்குத் திரும்பக் கிடைத்திருக்காது. அதை நகலெடுத்துத் தமிழில் சொல்லி ஊர் ஊராகக் கொண்டுபோனதால்தான் காரணையில் ஜனம் எழுந்தது. 1994 அக்டோபர் 10இல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். பழைய அரசாணையின் மறு அச்சுக்கு நம் ஆட்கள் கொடுத்த விலை அது.

இதிலேயே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நில ஆவணங்களும் இன்று கணினியில் ஏறியிருக்கின்றன. எங்கள் பக்கத்து நிலமொன்றின் பட்டாவைக் கணினியில் தட்டிப் பார்த்தால் இன்றைய பேர் வருகிறது. நூறு வருசத்துக்கு முந்திய பேர் வருவதில்லை. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது எந்த பேர் எப்படி மாறியது என்பதைப் பழைய செட்டில்மெண்டுப் பதிவேட்டைக் கையில் வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும். அந்தக் கட்டைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை போனேன். கரையான் அரித்துவிட்டது என்றார்கள். எட்டாவது தடவை போகிறபோது அதே கட்டு இன்னொருத்தருக்காக மேசைமேல் விரிந்து கிடந்தது.

இப்படி நமக்கு ஆதாரமாக வருகிற வெள்ளைக்காரன் எழுத்து வசவாகவும் வரும். தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதியாகப் போட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலை இன்று பல பேர் அப்படியே படமெடுத்து அட்டை போட்டு விற்கிறார்கள். மூக்கை அளந்து, மண்டையை அளந்து மனுசனை வகைபிரித்த காலத்துப் புத்தகம் என்று ஒரு வரி முன்னுரை கிடையாது. பையன்கள் அதைப் பார்த்துத் தங்கள் சாதியின் ‘குணம்’ என்ன என்று தெரிந்துகொள்கிறார்கள். இதைத் தடைசெய் என்று நான் கேட்க மாட்டேன், அதிலும் நமக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. அடிக்குறிப்பு எழுதுகிற வேலையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகிறது. ஹூல்ட்ஷ் பதிப்பித்த தொகுதியில் அச்சாகியும் இருக்கிறது. கங்கைகொண்டசோழபுரத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, ராஜேந்திரன் விழாவில் அந்த வரியை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

அருந்ததியர் வீட்டுப் பையனுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, அடுத்த வாரம் சொன்னேன். அந்தப் பக்கம் சேரும். முழுசாகச் சேரும், மேலே பட நகல், கீழே இன்றைய எழுத்தில். அதற்கு அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கும், அதில் அவன் எழுதட்டும். பண்டிதரைச் சின்னவராக்குகிற வேலை என்று தோழர்கள் இரண்டு பேர் கோபப்பட்டார்கள். ஒருவர் நன்கொடையைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

முதல் மெய்ப்பு பார்க்கிறபோது கணினியில் எழுத்தை அடையாளம் காண்கிற மென்பொருள் ‘னை’ வந்த இடமெல்லாம் தப்பு போட்டிருந்தது. ஆயாவைத்தான் உட்காரவைத்தோம். இந்தப் பக்கம் ஆயா பழைய தாளை வாசிக்க, அந்தப் பக்கம் அந்தப் பையன் அச்சுத் தாளில் சிவப்பு மையால் திருத்திக்கொண்டே வந்தான். அவன் எழுதின ஒன்றரைப் பக்கத்தையும் அவளே வாசித்தாள். அது புது எழுத்து. அதில்தான் திக்கினாள்.