குடியினின்று மீளுதல்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் விடியற்குளிர் கடுமையானது. குளிருக்குச் சிறிது குடித்தால் நல்லது என்பது குளிர்நாட்டார் எங்கும் கூறும் சமாதானம். மருத்துவம் இதனை ஏற்பதில்லை. மது தோலின் குருதிக்குழாய்களை விரிக்கிறது. உடல் சூடேறியதுபோல் தோன்றினும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். குடியைப் பற்றி மட்டுமன்று, அதனின்று மீள்வதைப் பற்றியும் பல தவறான எண்ணங்கள் நிலவின. மருத்துவரும் அவற்றிலிருந்து மெல்லவே விடுபட்டனர்.

மலாயாவில் தோட்டங்கள் தோறும் கள்ளுக்கடை இருந்த காலம் உண்டு. அதனை எதிர்த்துக் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947-இல் பீடோங்கில் நடந்த மறியல் போலீசாருடன் மோதலாகித் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். குடிப்போரைத் திருத்தப் படை கையாண்டவை உறுதிமொழியும் தண்டனையுமே. அதன் துணிவு போற்றத்தக்கது. ஆயினும் நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிரும் போகக்கூடும். டிரெசரின் கண்காணிப்பு இல்லாத சத்தியம் ஆபத்தானது.

குடிவெறியை மனத்தின் நோய் என்று தாமஸ் டிராட்டர் என்னும் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் 1804-இலேயே எழுதினார். அமெரிக்க மருத்துவச் சங்கம் அதனை நோயென ஏற்றது 1956-இல்தான்! இடையே 1935-இல் ஆக்ரன் நகரத்து அறுவை மருத்துவர் பாப் ஸ்மித், பில் வில்சன் என்பவரின் துணையால் குடியை விட்டார். சில வாரங்களில் மருத்துவ மாநாட்டுக்குச் சென்றவர் மறுபடியும் குடித்தார். வில்சன் அவரைக் கைவிடவில்லை. ஸ்மித் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐயே அவ்விருவரும் தோற்றுவித்த குடிநோயாளர் சங்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. மருத்துவரே ஒருமுறை வழுக்கி விழுந்தார் என்பதை, "இவன் திருந்தமாட்டான்" என்று தொழிலாளியைத் தள்ளிவிடுவோர் அறிந்திருத்தல் நலம்.

சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய நிலையம், நோயாளியின் குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது.

ஹெராயின் முதலிய போதைப்பொருள்களில் மலேசியா வேறு வழியில் தொடங்கியது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைப்பட்டோரை ஈராண்டு மறுவாழ்வு நிலையத்தில் வைக்க வகை செய்தது. 2005-இல் மெத்தடோன் மருந்துத் திட்டமும், 2010-இல் தாமே வருவோர்க்கான நிலையங்களும் தோன்றின. மெத்தடோன் அருந்துபவன் மீண்டவனா? ஒரு போதைக்கு மற்றொன்று என்பர் சிலர். பெரட்டில் நாள்தோறும் நின்று, சம்பளத்தைக் குறையாமல் வீட்டில் கொடுப்பவனை வேறு எப்பெயரால் அழைப்பது என்பர் மற்றவர். தோட்டத்து மனைவிமார் இரண்டாம் கட்சியினரே.