அரசனைக் கட்டும் கயிறு எது?

அரசன் தவறினால் அவனைக் கேட்பவர் யார்? இவ்வினாவோடு இங்கிலாந்து போராடிய அதே நூற்றாண்டில் நம் கோத்தா திங்கியும் போராடியது. இரண்டும் கண்ட விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஜொகூர்ச் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஷா இளைஞர். கொடியவர் எனப் பெயரெடுத்தவர். அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்ற குற்றத்திற்காக, தம் படைத்தலைவர் மெகாட் ஸ்ரீ ராமாவின் கருவுற்ற மனைவியின் வயிற்றைக் கிழிக்கச் செய்தார் என்பது மலாய் மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. 1699-ஆம் ஆண்டில், ஊழியர் தோளில் சுமந்து செல்கையிலேயே அவர் குத்திக் கொல்லப்பட்டார். ‘மங்காட் டிஜூலாங்’, அதாவது ‘சுமக்கப்படுகையில் இறந்தவர்’ என்றே இன்றும் அவரை அழைக்கின்றனர். அவரது கல்லறை கம்போங் மக்காமில் உள்ளது.

இங்கிலாந்திலும் இரத்தம் சிந்தாமலில்லை. முதலாம் சார்லஸ் மன்னன் பார்லிமெண்டைக் கூட்டாமலே 11 ஆண்டுகள் ஆண்டான், வரியும் தண்டினான். போர் மூண்டது, 1649-இல் அவன் தலை உருண்டது. அதனால் வழக்குத் தீர்ந்ததா? இல்லை. 1660-இல் அவன் மகனே அரியணை ஏறினான். 1688-இல் மற்றொரு மகன் நாட்டைவிட்டு ஓடிய பின்னர், 1689-இல் உரிமைச் சாசனம் பிறந்தது. பார்லிமெண்டின் சம்மதமின்றி வரியில்லை. அமைதிக் காலத்தில் படையில்லை. சட்டத்தை நிறுத்திவைக்கும் அதிகாரமும் அரசனுக்கில்லை என்றாயிற்று. வாள் முடிக்காததை ஏடு முடித்தது.

அதற்குப் பத்தாண்டுகள் கழித்துக் கோத்தா திங்கியில் நிகழ்ந்ததென்ன? மலாக்கா அரசமரபு அங்கே அற்றது. முதன்மந்திரி பெண்டஹாரா அப்துல் ஜலீல் சுல்தானானார். ஆள் மாறினார், அதிகாரம் மாறவில்லை. 1718-இல், மாண்ட சுல்தானின் மகன் தாமே என்று ராஜா கெச்சில் சியாக்கிலிருந்து படையெடுத்து ஜொகூரைப் பிடித்தார். 1722-க்குள் ஆட்சியின் கடிவாளம் பூகிஸ் வீரர் கைக்குப் போயிற்று.

குடிகள் அரசனுக்குத் துரோகம் செய்யலாகாது, அரசன் குடிகளை இழிவுபடுத்தலாகாது என்ற பழைய உடன்படிக்கையொன்றைச் ‘செஜாரா மெலாயு’ கூறுகின்றது. நல்ல உடன்படிக்கையே! ஆனால் மீறியவரை விசாரிக்க மன்றம் எங்கே? மன்றமில்லாத இடத்தில் கத்தியே வழக்காடியது.

1895-இல் சுல்தான் அபூபக்கர் ஜொகூருக்கு எழுதப்பட்ட அரசியல் சட்டத்தை அளித்தார். 1993-இல் மலேசியப் பார்லிமெண்டு, ஆட்சியாளர்கள்மீது வழக்குத் தொடுக்கவியலாது என்ற பாதுகாப்பை நீக்கி, அவர்கள் வழக்கை விசாரிக்கத் தனி நீதிமன்றமும் வகுத்தது. அன்று கத்தியிடம் போன வழக்கிற்கு அன்றுதான் மன்றம் கிடைத்தது.

இது அரசர் கதை மட்டுமன்று. தோட்டத்துச் சங்கத்திலும் பட்டணத்துக் கோவிற் கமிட்டியிலும் தலைவரை இறக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்ததென நாம் ஆரவாரிக்கின்றோம். பெட்டிச் சாவியையும், கேட்பாரற்ற கணக்குப் புத்தகத்தையும் புதியவரிடம் அப்படியே கொடுத்துவிட்டு வீடு திரும்புகின்றோம். ஆளை மாற்றுமுன் விதியை எழுதுவோம். எழுதிய விதிப்படி கணக்குக் கேட்கவும் பழகுவோம்.