தள்ளாத வயதும் தடுமாறும் நடையும்

தளர்நடை பயிலும் குழந்தை விழுந்தால் வீட்டார் சிரித்துக்கொண்டே தூக்கி நிறுத்துவர். அதே வீட்டில் எழுபது வயது கடந்த பாட்டனார் விழுந்தால் ஒருவர் முகத்திலும் சிரிப்பிராது. இடுப்பெலும்பு முறிவு, அறுவை, மாதக்கணக்கான படுக்கை, மீண்டும் விழுவோமோ என்ற அச்சம், அவ்வச்சத்தால் நடையே குறைதல் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் துன்பங்கள் தொடரும். மூப்பின் இன்னல்களுள் சிறியதாகத் தோன்றிப் பெரியதாய் முடிவது விழுதல். அதனை முன்னரே அறியவும் தடுக்கவும் மனிதர் செய்த முயற்சிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. இன்று மணிக்கட்டிலும் இடுப்பிலும் அணியும் சிறு உணர்கருவிகளில் வந்து நிற்கும் அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்போம்.

மைசூரில் வாழும் தமிழருள் தேவராஜ மொஹல்லாவை அறியாதார் அரியர். தேவராஜ மார்க்கெட்டும், டப்ரின் பிரபுவின் பெயர் தாங்கி ஊராரால் சின்னக் கடிகாரம் எனப்படும் மணிக்கூண்டும், கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையும் அப்பகுதியைச் சார்ந்தவை. 1924-ஆம் ஆண்டு பெங்களூரில் தோன்றி, 1930-ஆம் ஆண்டு மைசூருக்கு வந்த மருத்துவக் கல்லூரி அம்மருத்துவமனையோடு இணைந்தது. பழமை வாய்ந்த அந்த மார்க்கெட்டின் வடபகுதி 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இடிந்து விழுந்தது. இடிந்தது ஒரு நாளில்; தளர்ந்தது பல ஆண்டுகளில். மனிதனின் நடையும் இத்தகையதே. விழும் கணம் ஒன்றுதான். அதற்கு முன்னரே காலின் வலிமையும், கண்ணின் கூர்மையும், காதினுள் அமைந்த சமநிலை உறுப்பின் திறனும் சிறுகச் சிறுகக் குறைந்திருக்கும். அக்குறைவை விழுமுன்பே காண இயலுமா என்பதே நம் கேள்வி.

இக்கேள்வி தாயகம் விட்டு வாழும் நமக்குப் பிறரைக் காட்டிலும் நெருக்கமானது. வேலையின் பொருட்டு மைசூரிலும் பெங்களூரிலும் புனேயிலும் டில்லியிலும் குடியேறியோர், ஊரில் தனித்திருக்கும் பெற்றோரைத் தம்மோடு அழைத்து வருகின்றனர். மகனும் மருமகளும் அலுவலகம் செல்ல, பேரப்பிள்ளைகள் பள்ளி செல்ல, பகல் முழுவதும் பெரியவர்கள் வீட்டில் தனித்திருக்கின்றனர். ஊரில் திண்ணையிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் நாலு வீட்டார் ஓடி வருவர். இங்கே அடுத்த வீட்டுக் கதவு மூடியிருக்கும். திறந்திருந்தாலும் மொழி வேறாயிருக்கும்.

இஃது ஏதோ ஒரு சிலரின் துன்பம் அன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து மாள்கின்றனர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் செல்வம் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளைச் சேர்ந்தவர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது. மருத்துவம் நாடவேண்டிய அளவுக்குக் கடுமையாக விழுதல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 73 லட்சம் நிகழ்கின்றன. நம் நாட்டில் அறுபது வயது கடந்தோர் தொகை 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படியே 10 கோடியே 38 லட்சம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். நடையை அளத்தல் முதலில் நிலத்தை அளப்பதற்காகத் தோன்றியது. 1865, 1866-ஆம் ஆண்டுகளில் குமாவூன் மலைநாட்டைச் சேர்ந்த நைன் சிங் ராவத், இந்திய நில அளவைத் துறையினர்க்காக மாறுவேடத்தில் திபெத்துக்குச் சென்றார். அவர் கையிலிருந்த ஜபமாலையில் 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகளே இருந்தன. நூறு அடி நடந்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். மேடாயினும் பள்ளமாயினும் ஒவ்வோர் அடியும் ஒரே நீளமாயிருக்குமாறு அவர் பழகியிருந்தார். அந்தச் சீரான அடி இல்லையேல் அளவும் இல்லை. மூப்பு முதலில் கவர்ந்து கொள்வது அந்தச் சீரைத்தான்.

அடிகளின் சீரைக் கருவி கொண்டு பதிவு செய்த முன்னோடிகளுள் தலையாயவர் பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் எதியென் ஜூல் மாரே. 1873-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு விந்தையான காலணியை விளக்கினார். அதன் அடித்தோலில் காற்றடைத்த அறை ஒன்று இருந்தது. கால் தரையில் பதியும்போது காற்று அழுத்தப்பட்டு, ரப்பர்க் குழாய் வழியே சென்று, நடப்பவர் கையில் ஏந்திய உருளையில் கோடு வரைந்தது. எந்தக் கால் எப்பொழுது ஊன்றியது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை அக்கோடு காட்டியது. உடலில் அணிந்து நடையை அறியும் இன்றைய கருவிகளின் மூதாதை அக்காலணியே எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் அடிகளை எண்ணும் கருவி வாணிகப் பொருளாயிற்று. 1965-ஆம் ஆண்டு ஜப்பானில் 'பத்தாயிரம் அடி மானி' என்ற பொருள்படும் பெயருடன் ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும் என்று இன்றும் பலர் சொல்லும் கணக்கு அப்பெயரிலிருந்து பரவியதேயன்றி, மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததன்று. அன்றியும், எத்தனை அடி நடந்தார் என்பது ஒருவரின் சுறுசுறுப்பைக் கூறுமே தவிர, எந்த அடியில் தடுமாறுவார் என்பதைக் கூறாது.

விழுந்தவரைக் காக்கும் கருவி வேறொரு வழியில் வந்தது. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆண்ட்ரூ டிப்னர் என்ற உளவியல் அறிஞர், முதியோர் ஆபத்தில் ஒரு பொத்தானை அழுத்தித் துணை அழைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். கழுத்தில் தொங்கும் பொத்தானிலிருந்து வானொலி அலை புறப்படும். வீட்டிலுள்ள பெட்டி அதனை ஏற்றுத் தொலைபேசி வழியே செய்தி அனுப்பும். மைசூர் நேயர்கள் இங்கு ஒன்றை நினைவுகூரலாம். அந்நகரில் 1935-ஆம் ஆண்டு தம் இல்லத்திலிருந்து 'ஆகாசவாணி' என்னும் பெயரில் ஒலிபரப்பிய எம். வி. கோபாலசாமி அவர்களும் உளவியல் பேராசிரியரே. தனித்திருப்பவரின் செவிக்குச் சொல் கொண்டு சென்ற அதே அலை, பின்னர் தனித்திருப்பவரின் குரலைப் பிறருக்குக் கொண்டு செல்லவும் பயன்பட்டது.

பொத்தானில் ஒரு குறை இருந்தது. அதை அழுத்த நினைவும் மனமும் வேண்டும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் தொண்ணூறு வயது கடந்த 110 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2008-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு அறுபது பேர் அவ்வாண்டில் விழுந்தனர். விழுந்தவருள் ஐந்தில் நால்வர் ஒரு முறையேனும் தாமே எழ இயலாது கிடந்தனர். நூற்றுக்கு முப்பது பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தனர். நெடுநேரம் கிடந்தோருள் பலரிடம் அழைப்புக் கருவி இருந்தும், பெரும்பாலும் அது பயன்படவில்லை. பிறர்க்குத் தொல்லை தரலாகாது என்ற எண்ணம் நம் பெரியோர்க்கு மிகுதி. ஆதலின் இச்செய்தி நமக்கும் பொருந்துவதே.

அழுத்தாமலே அறியும் கருவிக்கு வழி திறந்தது சிலிக்கன். பேருந்து திடீரென நின்றால் பயணிகள் முன்னே சாய்கிறார்கள் அல்லவா? அதுபோல மெல்லிய தண்டில் தொங்கும் நுண்ணிய சிலிக்கன் துண்டு, கருவி அசையும்போது பின்தங்கி வளையும். அவ்வளைவு மின்னளவாக மாறும். வேகத்தின் மாற்றத்தை இவ்வாறு அளக்கும் சிலிக்கன் கருவியை 1979-ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய்லன்ஸ், ஏஞ்சல் ஆகிய இருவர் வெளியிட்டனர். 1990-களில் மோட்டார் வண்டிகளின் காற்றுப்பைகளுக்கென இது பெருமளவில் செய்யப்படவே, விலையும் வீழ்ந்தது. வண்டி மோதுவதை அறிந்த கருவி, மனிதர் விழுவதை அறியவும் அமர்த்தப்பெற்றது.

அது அறியும் முறை எளியது. தாங்குவாரின்றிக் கீழே வரும் பொருளில் ஒரு கணம் எடையே தோன்றாது. அடுத்த கணம் தரையில் மோதும் பேரதிர்ச்சி. அதன்பின் அசைவின்மை, உடலும் நின்ற நிலை மாறிக் கிடந்த நிலையிலிருக்கும். இம்மூன்றும் வரிசையாய் வந்தால் விழுந்தார் என்று கருவி முடிவு செய்யும். 2018-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரத்திலேயே இவ்வசதி வந்துவிட்டது.

ஆனால் கருவியின் தீர்ப்பு எப்பொழுதும் பிழையற்றதன்று. 2012-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பதின்மூன்று கணக்கீட்டு முறைகளை, உண்மையாகவே நிகழ்ந்த 29 விழுதல்களின் பதிவுகளைக் கொண்டு சோதித்தனர். சராசரியாக நூற்றுக்கு 57 விழுதல்களையே அவை கண்டுகொண்டன. ஆய்வுக்கூடத்தில் இளைஞர்கள் மெத்தையின்மேல் வேண்டுமென்றே விழுந்து காட்டிய விழுதல் வேறு; சுவரைப் பற்றியபடி மெல்லச் சரியும் மூதாட்டியின் விழுதல் வேறு. நம் வழக்கங்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாம் தரையில் அமர்ந்து உண்பவர்; குந்தி அமர்பவர்; இறைவன் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குபவர். நாற்காலியில் அமர்வோரின் அசைவுகளைக் கொண்டு பழக்கப்பட்ட கருவிக்கு, விழுந்து வணங்குதலுக்கும் விழுதலுக்கும் வேறுபாடு தெரியாமற் போகலாம். மேலும், விழும் அபாயம் மிகுந்த குளியலறைக்குச் செல்லும்போதே பலர் கருவியைக் கழற்றி வைத்துவிடுகின்றனர்.

விழுந்தபின் கூவும் கருவியினும் விழுமுன் எச்சரிக்கும் அளவே மேலானது. அவ்வளவுக்கு முதலில் யந்திரமே தேவைப்படவில்லை. முதுமை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான பெர்னார்டு ஐசக்ஸ், மத்தியாஸ், நாயக் ஆகியோருடன் 1986-ஆம் ஆண்டு ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர்தல் வேண்டும். 1991-ஆம் ஆண்டு வேறிருவர் அதற்குக் கால அளவையும் சேர்த்தனர். பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆயின் மருத்துவரைக் காண்பது நன்று என்பது இன்று பலரும் கொள்ளும் எல்லை. அருகில் ஒருவர் துணை நிற்க, இதனை எந்த இல்லத்திலும் செய்து பார்க்கலாம்.

2001-ஆம் ஆண்டு ஹௌஸ்டார்ப் முதலிய ஆராய்ச்சியாளர் 52 முதியோரின் காலணிக்குள் அழுத்தம் உணரும் கருவிகளை வைத்து நடையைப் பதிவு செய்து, பின்னர் ஓராண்டு கவனித்தனர். அடிக்கும் அடிக்கும் இடைப்பட்ட நேரம் யாருக்குச் சீரின்றி மாறியதோ, அவர்களே அவ்வாண்டில் விழுந்தவராயினர். மாரேயின் காலணி நூற்றிருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மருத்துவரின் கையில் எச்சரிக்கையாக மாறியது. நைன் சிங் நிலத்தை அளக்கக் காத்த சீரே, முதுமையின் நலத்தை அளக்கும் கோலாகவும் அமைந்தது.

அறிந்தபின் செய்ய வேண்டுவது என்ன? கருவி தாங்கிப் பிடிக்காது. காலின் வலிமையே தாங்கும். 2019-ஆம் ஆண்டு 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் போன்ற உடற்பயிற்சிகள் விழுதலை நூற்றுக்கு 23 பங்கு குறைத்தமை தெரியவந்தது. இவற்றோடு குளியலறையில் கைப்பிடி, இரவு விளக்கு, வழுக்காத காலணி, கண்புரைக்குச் சிகிச்சை, தூக்க மருந்தையும் இரத்த அழுத்த மருந்தையும் மருத்துவரிடம் காட்டி ஆராய்தல் ஆகியவையும் வேண்டும். நம் தமிழகம் இத்துறையில் பின்தங்கியதன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டிலேயே முதியோர்க்கெனத் தனிப்பிரிவு கண்டவர் டாக்டர் வ. செ. நடராசன்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இன்னும் ஒன்று கூறுதல் வேண்டும். கருவி எழுப்பும் அழைப்பு யாரைச் சென்றடைகிறது என்பதிலேயே அதன் பயன் அடங்கியிருக்கிறது. கடல் கடந்த மகனின் எண்ணை மட்டும் அதில் பதித்து வைத்தால், அவர் துடிப்பாரேயன்றித் தூக்க இயலாது. கீழ்வீட்டாரின் எண் முதலில் இருத்தல் வேண்டும்; சாவி ஒன்றும் அவர்களிடம் இருத்தல் நன்று. அவசர உதவிக்கு 112, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். வாழும் ஊரின் மொழியில் இரண்டொரு சொற்களையேனும் பெரியோர்க்குக் கற்பிக்கலாம். கன்னடத்தில் 'சஹாய மாடி' என்றால் உதவி செய்யுங்கள் என்பது பொருள். தமிழில் வீழ்தல் எனப்படுவதே அங்கு 'பீளு' என வழங்குகிறது. ஒரு வேரில் கிளைத்த சொல்லாதலின் கற்பதற்கும் கடினமில்லை.

அடியை எண்ணிய மணியிலிருந்து மணிக்கட்டில் அணியும் சில்லு வரை ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் அறிவு நம் பெரியோர்க்குத் துணையாய் வந்திருக்கிறது. அதனை ஐயுறாது ஏற்போம்; அதனையே முழுதும் நம்பி ஓய்ந்திராமலும் இருப்போம். பெற்றோரின் கையில் கருவியை அணிவிப்பது ஒரு நாள் வேலை. மாலைதோறும் அக்கையைப் பற்றி அவர்களோடு சிறிது தூரம் நடப்பதும், அடுத்த வீட்டாரை அவர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதும் நாள்தோறும் செய்ய வேண்டிய கடமை. அக்கடமையைச் செய்யும் இல்லத்தில்தான் கருவியின் எச்சரிக்கைக்கு ஓடி வரும் கால்கள் இருக்கும்.