கடிக்கு ஒரு அணா

ஊருக்குப் போக டிக்கெட் போட்டாச்சு. ஊசி, மாத்திரை என்னென்ன வேண்டும் என்று கேட்டு வரலாம் என்று குழந்தைகளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஊர் என்று நர்ஸ் கேட்டார். செகந்திராபாத் என்றேன். கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "மலேரியா மாத்திரை வேண்டியிருக்கும், டாக்டர் சொல்வார்" என்றார்.

திரும்பி வரும்போது காரில் மகள் கேட்டாள். "அப்பா, நீ அங்கேதானே வளர்ந்தே? நீ மாத்திரை போட்டியா?"

"இல்லைம்மா."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்கு?"

சட்டென்று பதில் வரவில்லை. இன்னொன்றும் தோன்றியது. மலேரியா எப்படிப் பரவுகிறது என்ற ரகசியம் உடைந்ததே அந்த ஊரில்தான். நான் மாரேட்பள்ளியில் சைக்கிள் ஓட்டிய தெருக்களிலிருந்து பேகம்பேட்டில் அந்தக் கட்டடம் ஒன்றும் பெரிய தூரம் இல்லை. அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கான பதில் அதன் கடைசியில் இருக்கிறது.

கெட்ட காற்றும் கறுப்புத் துகளும்

மலேரியா என்ற இத்தாலியப் பெயருக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் நச்சுக்காற்றால் வரும் காய்ச்சல் என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். நம் பக்கம் முறைக்காய்ச்சல் என்பார்கள். முறை வைத்த மாதிரி ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமுமாக வருமே, அதனால்.

1880-ல் அல்ஜீரியாவில் இருந்த லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், நோயாளியின் ரத்தத்தில் ஒரு நுண்ணுயிரியைக் கண்டார். அது சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்று, செரிக்காத மிச்சத்தைக் கறுப்புத் துகள்களாக விட்டுவைக்கும். இந்தக் கறுப்புத் துகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் சாவி அதுதான்.

சரி, அந்தக் கிருமி ஓர் ஆளின் ரத்தத்திலிருந்து இன்னோர் ஆளுக்கு எப்படிப் போகிறது? இங்கேதான் ரொனால்ட் ராஸ் வருகிறார். 1857-ல் அல்மோராவில் பிறந்தவர். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் பக்கம் வந்தவர். கவிதை, நாவல், கணக்கு என்று எல்லாவற்றிலும் ஆசை, மருத்துவத்தில்தான் ஆரம்பத்தில் அவ்வளவு ஆசை இல்லை! 1894-ல் லீவில் லண்டன் போனபோது பாட்ரிக் மான்சன் என்ற டாக்டரைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடம்புக்குள் வளர்வதை மான்சன் ஏற்கெனவே சீனாவில் கண்டிருந்தார். மலேரியாவும் கொசு வழியாகத்தான் வரவேண்டும் என்பது அவர் ஊகம். இதை நிரூபி என்று ராஸை ஏவிவிட்டார்.

தப்பான கேள்வி, தப்பான கொசு

1895-ல் ராஸ் செகந்திராபாத் வந்தார். மதராஸ் காலாட்படைப் பிரிவு ஒன்றுக்கு டாக்டர். பேகம்பேட் ராணுவ மருத்துவமனையில் ஓர் அறைதான் ஆராய்ச்சிக்கூடம். அப்துல் காதர் என்ற நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, கொசுக்களை உள்ளே விட்டுக் கடிக்கவைத்து, அந்தக் கொசுக்களை மைக்ராஸ்கோப்பில் அறுத்துப் பார்த்தார். கொசு வயிற்றில் கிருமி கொஞ்சம் உருமாறுவது தெரிந்தது. அதற்கப்புறம் என்ன ஆகிறது என்று தெரியவில்லை.

இரண்டு வருஷம் இப்படியே போனது. காரணம் இரண்டு.

ஒன்று, மான்சனின் ஊகத்தில் பாதி தப்பு. ரத்தம் குடித்த கொசு தண்ணீரில் விழுந்து செத்துப்போகும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு மலேரியா வரும் என்று அவர் நினைத்தார். ராஸும் அதை நம்பினார். லட்சுமன் என்ற ஆரோக்கியமான வாலிபருக்குக் கொசு செத்துக்கிடந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். அவருக்கு லேசாகக் காய்ச்சல் வந்து போனது, ரத்தத்தில் மலேரியாக் கிருமி எதுவும் இல்லை. இன்றைக்கு எந்த ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. அந்தக் காலத்தில் கேட்க ஆள் இல்லை.

இரண்டாவது, கொசு என்றால் எல்லாம் ஒன்று என்ற நினைப்பு. வீட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் கொசுக்களைத்தான் அவர் பிடித்து அறுத்துக்கொண்டிருந்தார். அவை க்யூலெக்ஸ், ஏடிஸ் வகை. மனிதனின் மலேரியாக் கிருமி அவற்றுக்குள் வளராது. நூற்றுக்கணக்கில் அறுத்தும் பயனில்லை.

1897 ஏப்ரலில் லீவுக்கு ஊட்டி போனார். அங்கிருந்து மலேரியாவுக்குப் பேர்போன சிகூர் மலைச்சரிவில் இறங்கி ஆராயப் போனவருக்கே மலேரியா வந்துவிட்டது, வலைக்குள் படுத்தும்கூட! ஆனால் அந்தப் பயணம் வீண்போகவில்லை. சிறகில் புள்ளி போட்ட, சுவரில் வால்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும் ஒருவகைக் கொசுவை அங்கே பார்த்தார். பெயர் தெரியாது. 'புள்ளிச் சிறகுக் கொசு' என்று தானாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். அதுதான் அனாஃபிலிஸ்.

ஆகஸ்ட் 1897

ஜூனில் செகந்திராபாத் திரும்பினார். கடும் புழுக்கம். பங்கா போட்டால் காற்றில் கொசு பறந்துவிடும், அதனால் பங்காவும் கிடையாது. நெற்றி வியர்வை சொட்டி மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில் ஒரு விரிசல் வேறு.

ஆகஸ்ட் நடுவில் உதவியாளர்கள் கொண்டுவந்து கொடுத்த புழுக்களிலிருந்து புள்ளிச் சிறகுக் கொசுக்கள் பொரிந்தன. புழுவிலிருந்து வளர்த்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து யாரையும் கடிக்காத கொசு அது. அதன் உடம்பில் பின்னால் ஏதாவது கிருமி தெரிந்தால் ஒரே ஒரு ஆளிடமிருந்துதான் வந்திருக்க முடியும்.

அந்த ஒரு ஆள் ஹுசேன் கான். ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்த நோயாளி. ஆகஸ்ட் 16 மதியம் அவரை வலைக்குள் படுக்கவைத்துக் கொசுக்களை விட்டார்கள். பத்துக் கொசுக்கள் வயிறு முட்டக் குடித்தன. கடிக்கு ஒரு அணா கூலி. பத்துக் கடிக்குப் பத்தணா. (பதினாறு அணா ஒரு ரூபாய் என்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக.)

தினமும் சிலதை அறுத்துப் பார்த்தார். சில தாமாகவே செத்தன. ஆகஸ்ட் 20-ஆம் தேதி கைவிட்டு எண்ணக்கூடிய சிலதான் மிச்சம். மதியம் ஒரு மணி வாக்கில், கண்ணெல்லாம் சோர்ந்த நிலையில் ஒன்றை அறுத்தார். கொசுவின் வயிற்றுச் சுவரில் வட்டமாக ஓர் உயிரணு. கொசுவுக்குச் சொந்தமானதாகத் தெரியவில்லை. உள்ளே கறுப்புத் துகள்கள்! லாவரான் மனித ரத்தத்தில் பார்த்த அதே துகள்கள். மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அதே உயிரணுக்கள், இப்போது இன்னும் பெரிதாக. அப்படியென்றால் அது உயிரோடு இருக்கிறது, வளர்கிறது. கிருமி கொசுவுக்குள் குடித்தனம் நடத்துவதற்கு முதல் சாட்சி அதுதான்.

அன்றைக்கே மனைவிக்கு ஒரு கவிதை எழுதினாராம். அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. ஆகஸ்ட் 20 இன்றைக்கும் உலகக் கொசு நாள்.

ஆனால் செகந்திராபாத்தில் கிடைத்தது பாதிதான். அடுத்த மாதமே ராஸை ராஜபுதனத்துக்கு மாற்றிவிட்டார்கள். 1898-ல் கல்கத்தா. அங்கே பிளேக் பீதி. ஊசி குத்தினால் பிளேக் வந்துவிடும் என்று பயந்து யாரும் ரத்தம் கொடுக்க முன்வரவில்லை. அதனால் குருவிகளுக்கு வரும் மலேரியாவைப் பிடித்துக்கொண்டார். கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்வதை ஜூலையில் பார்த்துவிட்டார். தண்ணீர் குடித்து அல்ல, கொசு கடித்துத்தான் நோய் வருகிறது என்பது அப்போதுதான் உறுதியானது. மனிதனுக்கு அனாஃபிலிஸ்தான் கொண்டுவருகிறது என்பதை அதே வருஷம் இத்தாலியில் கிராஸியின் குழு காட்டியது. 1902-ல் நோபல் பரிசு ராஸுக்கு மட்டும். ராஸும் கிராஸியும் அப்புறம் ஆயுசுக்கும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு அந்தச் சண்டையைவிட ஹுசேன் கான்தான் மனதில் நிற்கிறார். கல்கத்தாவில் பயந்து மறுத்தவர்களைக் குறை சொல்லமுடியாது. அந்த மறுப்பைப் பார்த்தால்தான், வலைக்குள் படுத்த செகந்திராபாத்துக்காரர்கள் கொடுத்தது எவ்வளவு பெரியது என்று புரிகிறது.

தெரிந்தும் மறந்த கதை

யார் எதிரி என்று தெரிந்தாகிவிட்டது. நோய் ஒழிந்ததா?

சுதந்திரம் வாங்கிய சமயத்தில் இந்தியாவில் வருஷத்துக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்பது மதிப்பீடு. 1953-ல் டிடிடி அடிக்கும் தேசியத் திட்டம் ஆரம்பித்தது. அறுபதுகளில் சுமார் ஒரு லட்சத்துக்கு இறங்கியது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார்கள். 1976-ல் 64 லட்சம் பேருக்கு வந்தது. டிடிடி-க்குக் கொசு பழகியதும் ஒரு காரணம், நாம் அசந்ததும் ஒரு காரணம்.

இலங்கையிலும் இதே பாடம். 1934-35 கொள்ளைநோயில் அங்கே சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1963-ல் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. மருந்தடிப்பதையும் கண்காணிப்பையும் குறைத்தார்கள். 1968-69-ல் ஐந்து லட்சத்துக்கு மேல். பிறகு விடாமல் போராடி, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கினார்கள்.

மலேரியா காட்டிலும் சேற்றிலும்தான் என்று நினைப்பவர்கள் சென்னைக்காரர்களைக் கேட்கலாம். அங்கே இதைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்ஸி சுத்தமான தண்ணீரில் வளரும். மூடாத கிணறு, மொட்டைமாடித் தொட்டி போதும். அதே கொசு 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டு, இப்போது அந்தக் கண்டத்து நகரங்களுக்குப் புதுத் தலைவலியாகிவிட்டது.

தடுப்பூசிக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் அந்த வருஷம் ஒன்றையும், 2023-ல் இரண்டாவதையும் பரிந்துரைத்தது. இரண்டாவதைத் தயாரிப்பது நம் புனே சீரம் இன்ஸ்டிட்யூட். இரண்டுமே மலேரியா அதிகமுள்ள பகுதிகளில் வாழும் குழந்தைகளுக்கானவை, நம்மைப் போல வந்துபோகிறவர்களுக்கு அல்ல. 2023-ல்கூட உலகத்தில் சுமார் 5,97,000 பேர் மலேரியாவில் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

மகளுக்குப் பதில்

இப்போது என் மகள் கேட்டதற்கு வருகிறேன்.

வெளிநாட்டிலிருந்து போய் மலேரியாவோடு திரும்புகிறவர்களில் அதிகம் பேர் சுற்றுலாப் பயணிகள் இல்லை. சொந்தபந்தங்களைப் பார்க்கப் போகும் நம்மைப் போன்றவர்கள்தான். சுற்றுலாக்காரன் பயந்து மாத்திரை போடுகிறான். நாம், "நம்ம ஊர்தானே, எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்கிறோம். மலேரியா உள்ள இடத்தில் திரும்பத் திரும்ப நோய் வந்தவர்களுக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி உண்டாகும், உண்மைதான். ஆனால் ஊரைவிட்டு வந்து சில வருஷங்களில் அது தேய்ந்துவிடும். இங்கே பிறந்த குழந்தைகளுக்கு அது அறவே கிடையாது.

ஊருக்கு ஊர் நிலைமை வேறு, அதனால் மாத்திரை வேண்டுமா, எது என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் கேட்காமல் விமானம் ஏறாதீர்கள். இன்னொன்றும் முக்கியம். இந்தியாவில் இருக்கும் மலேரியாக் கிருமிகளில் ஒன்று கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கிவிட்டு அப்புறம் எழும். திரும்பி வந்து பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், "இந்தியா போய் வந்தோம்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இங்கே பல டாக்டர்கள் வாழ்நாளில் ஒரு மலேரியாவைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தோன்றாது.

அன்று ராத்திரி மகளிடம் ஹுசேன் கான் கதையைச் சொன்னேன். "கொசு கடிக்கக் காசு வாங்கினாரா?" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பத்தணான்னா இப்போ எவ்வளவுப்பா?" என்று கேட்டாள். கணக்குப் போட்டுச் சொல்ல முடியவில்லை. இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது அவளை பேகம்பேட்டுக்குக் கூட்டிப் போகவேண்டும். அந்தக் கட்டடம் இப்போது உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் கையில், ராஸ் பெயரில் இருக்கிறது. ஹுசேன் கான் பெயரை அங்கே நின்று நாங்களே ஒரு தடவை சொல்லிவிட்டு வருவோம்.