குண்டுமணியும் கிரெயினும்: மருந்து நிறுத்த கதை

மருந்து வரலாறு என்டா நாங்க மூலிகை, பரியாரி, ஆஸ்பத்திரி பற்றித்தான் கதைக்கிறம். தராசைப் பற்றி ஆரும் கதைக்கிறதில்ல. ஆனால் ஒரு பொருள் மருந்தா நஞ்சா என்பதைப் பல நேரம் அதன் அளவுதான் தீர்மானிக்கிறது. எங்கட பழைய மருந்துத் தராசின் மிகச்சிறிய படிக்கல்லே ஒரு நச்சு விதை. குன்றிமணி, எங்கட பேச்சில குண்டுமணி. விதைகள் ஏறக்குறைய ஒரே எடையில் இருப்பதால் தட்டாரும் பரியாரியும் அதை வைத்தே நிறுத்தார்கள்.

சித்த மருத்துவ வாய்பாடு இப்படிப் போகும்: 32 குன்றி ஒரு வராகனெடை. 10 வராகனெடை ஒரு பலம். 8 பலம் ஒரு சேர். 5 சேர் ஒரு வீசை. இதைவிட, தராசே தேவைப்படாத அளவுகளும் இருந்தன. மூன்று விரலால் எடுக்கும் பொடி திரிகடிப் பிரமாணம். மாத்திரை உருட்ட சுண்டைக்காயளவு, கொட்டைப்பாக்களவு. வீட்டில் தராசு இல்லாத சனத்துக்குச் சொன்ன கணக்கு இது.

இந்தக் கணக்கில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கு. திரிகடுகத்தை எடுத்துப் பாருங்க: வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி மூன்றும் சம எடை. குடிநீர் என்டா எட்டுப் பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்சுவது. இவை எல்லாம் விகிதம். நீங்க பலத்தில் நிறுத்தாலும் கிராமில் நிறுத்தாலும் மருந்து மாறாது. அரசு மாறி, அளவை மாறினாலும் இந்தச் செய்முறைகள் தப்பிப் பிழைத்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்கல் வருவது, ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுப்பது என்ற இடத்தில். பற்பம், செந்தூரம் போன்றவற்றைக் குன்றிக் கணக்கில் கொடுப்பார்கள். அங்கே விகிதம் உதவாது. சரியான எடை வேணும்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தமிழுக்குள் இன்னொரு தராசு வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அந்த மருத்துவத்தின் சிற்றளவு கிரெயின். 20 கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள், 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். கிரெயின் என்ற சொல்லுக்கே தானியம் என்றுதான் பொருள். அவர்களும் விதையில் இருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரனின் கணக்கு ஒரே சீராக இருந்தது என்டு நினைக்க வேணாம். மருந்துக்கடை அவுன்ஸ் 480 கிரெயின், ஏறக்குறைய 31.1 கிராம். பலசரக்குக்கடை அவுன்ஸ் 437.5 கிரெயின், 28.35 கிராம். 1864இல் வெளிவந்த முதலாவது பிரித்தானிய மருந்து நூல், மருந்துக்கும் 437.5 கிரெயின் அவுன்ஸையே எடுத்துக்கொண்டது. அப்போது கிறீன் யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். பெயர் அதே அவுன்ஸ், எடை வேறு. பழைய புத்தகத்தைப் பார்த்துப் புதிய அவுன்ஸில் நிறுப்பவர் தன்னை அறியாமலே மருந்தைக் குறைத்துவிடுவார்.

இப்ப எங்கட பக்கத்துக்கு வருவம். இன்றைய சித்த மருத்துவ அட்டவணைகளில் ஒரு குன்றி 130 மில்லிகிராம் என்று இருக்கும். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். இரண்டால் பெருக்கினால் 129.6. அதாவது, குன்றிக்கு நாங்க மனப்பாடம் செய்யும் மெற்றிக் எண், இரண்டு கிரெயினின் எண்ணாகவே இருக்கிறது. நேராக விதையை நிறுத்து வந்த எண் போல இது தெரியவில்லை. ஆங்கிலத் தராசு வழியாகச் சுற்றி வந்ததாகவே எனக்குப் படுகிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. அதே அட்டவணைகளில் வராகனெடை 4.2 கிராம், பலம் 35 கிராம் என்று வரும். ஆனால் 10 வராகனெடை ஒரு பலம் என்றால் 42 கிராம் அல்லவா வரவேணும்? சேர் 280 கிராம் என்று எடுத்து எட்டால் பிரித்தால்தான் 35 வரும். கீழேயிருந்து ஏறினால் ஒரு பலம், மேலேயிருந்து இறங்கினால் இன்னொரு பலம். வித்தியாசம் 7 கிராம், ஐந்தில் ஒரு பங்கு. திரிகடுகத்துக்கு இது பாதகமில்லை, மூன்றும் சேர்ந்தே கூடும் குறையும். ஒரு சரக்கு பலத்திலும் இன்னொன்று வராகனெடையிலும் சொல்லப்பட்ட மருந்தில் விகிதமே குலைந்துபோகும்.

மட்டக்களப்புப் பக்கம் பரியாரி வீடுகளில் பழைய ஏடுகளும் கையெழுத்துக் கொப்பிகளும் இன்னும் இருக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே படிப்பிக்கிறார்கள். இந்தக் கொப்பிகளை அச்சேற்றும்போது பலத்தை அழித்துவிட்டுக் கிராம் எழுதினால், எந்தப் பலம் என்ற கேள்வியும் சேர்ந்து அழிந்துபோகும். பழைய சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் கிராமையும், அது எந்த வாய்பாட்டில் வந்தது என்பதையும் எழுத வேணும். இதுக்கு மருத்துவ பீடத்துப் பிள்ளைகள் மட்டும் போதாது. பழைய கையெழுத்தை வாசிக்கவும் சொல்லின் வரலாற்றைத் தேடவும் தெரிந்த கலைப்பீடத்து ஆக்களுக்கும் இதில் வேலை இருக்கு.