புதிய அதிபரும் 4,000 நாற்காலிகளும்: அமெரிக்காவில் அரசுப் பதவிகள் நிரப்பப்படுவது எப்படி?

அமெரிக்காவில் புதிய அதிபர் தேர்வாகும்போதெல்லாம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. அமெரிக்க அரசின் உயர் பதவிக்கு ஒரு முஸ்லிம் நியமனம் என்று. உடனே மாஷா அல்லாஹ் என்று பதில்கள் குவிகின்றன. சில மாதங்கள் கழித்து அவர் என்ன ஆனார் என்று எவரும் கேட்பதில்லை. சிலர் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை என்பதுதான் உண்மை. அங்கே ஒருவருடைய பெயர் அறிவிக்கப்படுவது வேறு, அவர் பதவி ஏற்பது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள நீண்ட பாதையை நாம் விளங்கிக்கொள்வது நல்லது.

முதலில் ஒரு வேறுபாடு. இந்தியாவில் அமைச்சராக இருப்பவர் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லையென்றால் 6 மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். அமெரிக்காவில் இது தலைகீழ். காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சர் பதவி வகிப்பதை அரசியல் சாசனம் தடை செய்கிறது. 2025 ஜனவரியில் மார்கோ ரூபியோ வெளியுறவுத் துறைக்கு வந்தபோது செனட் பதவியை விட்டுவிட்டுத்தான் வந்தார். அங்கே அமைச்சருக்குச் 'செயலாளர்' என்று பெயர். நம் ஊரில் செயலாளர் என்றால் ஐ.ஏ.எஸ். அதிகாரி, செய்தி மொழிபெயர்ப்பவர்கள் பலர் இங்கே தடுமாறுவதைப் பார்க்கிறோம்.

முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் அமைச்சரவையில் இருந்தவர்கள் 4 பேர். இன்று 15 துறைகள். ஆனால் அமைச்சரவை என்பது மேலே தெரியும் நுனி மட்டுமே. புதிய அதிபர் தம் விருப்பப்படி நிரப்பக்கூடிய பதவிகள் சுமார் 4,000. அவற்றில் 1,200-க்கும் மேற்பட்டவற்றுக்கு செனட் சபையின் ஒப்புதல் தேவை: துறைச் செயலாளர்கள், துணைச் செயலாளர்கள், தூதர்கள், அரசு வழக்கறிஞர்கள் என்று பட்டியல் நீள்கிறது. அதிபரின் தலைமைப் பணியாளர், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் போன்ற வெள்ளை மாளிகைப் பதவிகளுக்கு ஒப்புதல் தேவையில்லை. அதிபரின் காதருகே எப்போதும் இருப்பவர்களை எந்தச் சபையும் விசாரிப்பதில்லை என்பது சற்று விசித்திரம்தான்.

இந்தப் பதவிகளின் பட்டியலுக்கு 'பிளம் புக்' என்று பெயர். 20 ஆண்டுகள் ஜனநாயகக் கட்சியே ஆண்ட பிறகு 1952-இல் ஐசன்ஹோவர் வென்றார். எந்தெந்த நாற்காலி தங்கள் கையில் வரும் என்பதே குடியரசுக் கட்சியினருக்குத் தெரியவில்லை. கேட்டு வாங்கிய பட்டியல்தான் பிறகு அதிபர் தேர்தல்தோறும் வெளிவரும் நூலாயிற்று.

அப்படியானால் மீதமுள்ள இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மத்திய அரசு ஊழியர்கள்? அவர்கள் அதிபரோடு வந்து அதிபரோடு போகிறவர்கள் அல்லர். இந்தப் பாதுகாப்பு ஒரு கொலைக்குப் பிறகு கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் தேர்தலில் வென்ற கட்சி தபால்காரர் வரை தன் ஆட்களைப் போடுவதே வழக்கம். 1881-இல் அதிபரான ஜேம்ஸ் கார்ஃபீல்டின் வாசலில் வேலை கேட்டு வரிசை நின்றது. அதில் சார்லஸ் கிட்டோ என்பவரும் ஒருவர். தம்முடைய ஒரு பேச்சால்தான் கார்ஃபீல்ட் வென்றார் என்று நம்பிக்கொண்டு, பாரிஸில் தூதரக அதிகாரி பதவி கேட்டு அலைந்தார். கிடைக்கவில்லை. 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அதிபரைச் சுட்டார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். அடுத்து வந்த செஸ்டர் ஆர்தர், நியூயார்க்கில் இதே சிபாரிசு அரசியலால் வளர்ந்தவர். அவர்தான் 1883 ஜனவரியில், தேர்வு எழுதித் தகுதியால் வேலை பெறும் முறைக்கு வழிவகுத்த பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சுவர் இன்றும் சோதிக்கப்படுகிறது. கொள்கை வகுப்பில் பங்குள்ள நிரந்தர ஊழியர்களை எளிதாக நீக்க வகை செய்யும் ஆணையை டிரம்ப் 2020 அக்டோபரில் பிறப்பித்தார்; பைடன் 2021-இல் ரத்து செய்தார்; 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் மீண்டும் உயிர்ப்பித்தார்.

செனட் பாதைக்கு வருவோம். அதிபர் பெயரை முன்மொழிகிறார். எஃப்.பி.ஐ. அவருடைய கடந்த காலத்தைத் துருவுகிறது. சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு உரிய செனட் குழுவின் முன் நேரடி விசாரணை, குழுவின் வாக்கு, இறுதியாக முழுச் சபையின் வாக்கு. 2013-இல் விதி மாறியபின் சாதாரணப் பெரும்பான்மை போதும். சரிசமமாகப் பிரிந்தால் துணை அதிபரின் வாக்கு தீர்மானிக்கும். திருவாரூர் மாவட்டத்தில் பூர்வீகம் உள்ள கமலா ஹாரிஸ் துணை அதிபராக இருந்த 4 ஆண்டுகளில் இப்படி 33 முறை வாக்களித்தார். அதற்கு முன் எவரும் அவ்வளவு முறை வாக்களித்ததில்லை.

செனட் முழுச் சபையே வாக்கெடுத்து ஓர் அமைச்சரை நிராகரிப்பது அபூர்வம். வரலாற்றில் 9 முறைதான். கடைசியாக 1989-இல் பாதுகாப்புத் துறைக்கு முன்மொழியப்பட்ட ஜான் டவர். பெரும்பாலானோர் அதற்கு முன்பே விலகிவிடுகிறார்கள். காரணங்களைப் பாருங்கள். 1993-இல் அட்டர்னி ஜெனரல் பதவிக்குப் பெயர் வந்த ஸோயி பேர்ட், குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களை வீட்டு வேலைக்கு வைத்திருந்ததால் விலக நேர்ந்தது. 2009-இல் சுகாதாரத் துறைக்கு வரவிருந்த டாம் டாஷல், ஒருவர் இலவசமாகத் தந்த காருக்கும் ஓட்டுநருக்கும் வரி கட்டாததால் வெளியேறினார். பெரிய கொள்கைச் சண்டைகளில் தப்பியவர்கள், வீட்டு வேலைக்காரரின் கணக்கிலும் கார் கணக்கிலும் மாட்டிக்கொண்டார்கள். மதரஸாவில் அமானிதம் பற்றிப் பாடம் படித்த நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கும் விலை உண்டு. 2000 தேர்தலின் முடிவு டிசம்பர் 12 வரை இழுத்தது. புஷ்ஷின் பாதுகாப்புக் குழு அமைவது தாமதமானது. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த குழு தன் 2004 அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டி, நியமனங்கள் விரைவுபட வேண்டும் என்றது.

இனி, நம் வீடுகளில் எழும் அந்தக் கேள்வி. பொதுப் பதவிக்கு மதத்தைத் தகுதியாக வைக்கக் கூடாது என்று அமெரிக்க சாசனத்தின் 6-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆயினும் 15 துறைகளில் எதற்கும் முஸ்லிம் ஒருவர் செயலாளராக வந்ததில்லை. மற்ற பதவிகளில் கதவு திறந்திருக்கிறது. 2021-இல் ஜாஹித் குரைஷி நியூஜெர்சியின் மத்திய மாவட்ட நீதிபதியானார். ஆதரவு 81, எதிர்ப்பு 16. அதே ஆண்டு ரஷாத் ஹுசைன் சர்வதேச மதச் சுதந்திரத்துக்கான தூதரானார். இருவருமே அந்தப் பொறுப்பில் முதல் முஸ்லிம்கள். இரு கட்சியினரும் வாக்களித்தார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. சிறுதொழில் நிர்வாகத் துணைத் தலைவர் பதவிக்கு 2021-இல் திலாவர் சையதின் பெயர் வந்தது. குடியரசுக் கட்சியினர் குழுக் கூட்டத்துக்கே வராமல் வாக்கெடுப்பை மீண்டும் மீண்டும் தடுத்தார்கள். அவர் ஒரு முஸ்லிம் அமைப்பில் பொறுப்பு வகித்ததும் காரணமாகச் சொல்லப்பட்டது. யூத அமைப்புகள் சிலவே அதைக் கண்டித்தன. 2023-இல்தான் ஒப்புதல் கிடைத்தது.

அதீல் மாங்கிக்கு அதுவும் கிடைக்கவில்லை. கராச்சியில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டிலும் ஹார்வர்டிலும் படித்த வழக்கறிஞர். 2023 நவம்பரில் பைடன் அவரை 3-ஆவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். வந்திருந்தால் அந்த நிலையில் முதல் முஸ்லிம் நீதிபதி. விசாரணையில் அவருடைய சட்ட அறிவைவிட ஹமாஸ் பற்றியே அதிகம் கேட்டார்கள். குழுவில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தேறினார். பிறகு பைடனின் சொந்தக் கட்சி அணியிலேயே 3 செனட்டர்கள் ஆதரவில்லை என்றார்கள். முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு அவர் பெயர் வரவே இல்லை. 2025 ஜனவரியில் அந்த காங்கிரஸின் காலம் முடிந்ததோடு முன்மொழிவும் காலாவதியானது. அதே இடத்துக்கு டிரம்பின் முன்னாள் வழக்கறிஞர் எமில் போவ் முன்மொழியப்பட்டு, 2025 ஜூலையில் 50-49 வாக்குகளில் நீதிபதியானார்.

இத்தகைய செய்தி அடுத்த முறை நம் கைப்பேசிக்கு வரும்போது, 'முன்மொழியப்பட்டார்' என்றிருக்கிறதா, 'ஒப்புதல் பெற்றார்' என்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பகிரலாம். ஒவ்வொரு பெயரும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் காங்கிரஸின் இணையதளம் தேதி வாரியாகக் காட்டுகிறது, யாரும் பார்க்கலாம்.